பொடியெழுத்து

பழைய தாள் எடுக்கும் செவ்வாய்க்கிழமை
கோகா நகரத்து மின்கம்பத்தடியில்
சணல்கயிறு கட்டிய சித்திரக்கதைகள் கிடந்தன.
முதல் பாகம் இல்லை.
இரண்டிலிருந்து ஏழுவரை தூக்கிவந்தேன்.
எடுக்கலாமா என்று கேட்கக்கூட
அப்போது என்னிடம் வார்த்தை கிடையாது.

நாயகன் பெயர் குரோபெய். ஒற்றைக் காது. நீண்ட வாள்.
பெரிய எழுத்து ஒவ்வொன்றின் வலப்பக்கமும்
பொடியெழுத்துகள் ஒட்டிக்கொண்டு நடந்தன,
ரயிலடி நெரிசலில் விரல் பிடித்த பிள்ளைகள் மாதிரி.
பிள்ளையைக் கேட்டுத் தகப்பன் பெயர் தெரிந்துகொண்டேன்.
கு. ரோ. பெய்.
எனக்கு அறிமுகமான முதல் ஜப்பானியன்.

அவன் பேசியதையே பேசினேன்.
சோற்றுப்பெட்டித் தொழிற்சாலை நேர்காணலில்
முதுகை வளைத்து "செஷ்ஷா, யேஹாங் லிம்பு" என்றேன்.
அடியேன் யேஹாங் என்கிற மாதிரி,
முந்நூறு வருஷத்துக்கு முந்திய பணிவு.
மேலாளர் இஷிகுரே கோப்பால் வாயை மூடிக்கொண்டார்.
தோள் மட்டும் குலுங்கியது.
வேலை கிடைத்தது.

பிறகுதான் தெரிந்தது, இங்கே நான் ஒன்றல்ல.
சண்டைக்கார நான், பள்ளிக்கூடத்து நான்,
வங்கி வரிசையில் நிற்கிற நான்.
நான் உடுத்திக்கொண்டு வந்தது
அருங்காட்சியகத்தில் மாட்டியிருந்த நான்.

இரவு இரண்டு மணி.
தொப்பி, முகமூடி, கையுறை.
மனிதர் என்றால் இரண்டு கண்ணும் ஒரு பெயர்ச்சீட்டும்.
நான் சோற்றின் நடுவே உப்பில் ஊறிய சிவப்புப் பழம் வைப்பவன்.
அடுத்து நின்று மீன்துண்டு வைப்பவளின் சீட்டில்
மூன்று எழுத்து:
நிலா. பார். ஊர்.
மூன்றும் இரண்டாம் பாகத்திலேயே வந்தவை.
பக்கத்தில் பொடியெழுத்து மட்டும் இல்லை.
தகப்பன் தனியாக நின்றான்.

பதினோரு இரவு எழுத்துக்கூட்டி,
பானம் விற்கும் எந்திரத்தின் வெளிச்சத்தில்
"த்ஸுகிமிஸாதோ" என்று கூப்பிட்டேன்.
முகமூடியைத் தாடைக்கு இறக்கினாள்.
"யமநாஷி."
யமநாஷி என்றால் மலையில்லை.
அங்கே மலை ஏது? இருந்த நிலா எங்கே?
ஆவி படிந்த கண்ணாடியில் கிடையாக ஒரு கோடு இழுத்து
மேலே ஒரு வட்டம் போட்டாள்.
மலை மறைக்காத ஊரில் நிலா நன்றாகத் தெரியும்.
அதனால் நிலா பார்க்கும் ஊர் என்று எழுதி
மலையில்லை என்று வாசிக்க வேண்டுமாம்.

நான் தாப்லேஜுங்காரன்.
எங்கள் தலைக்குமேல் நிற்கிற சிகரத்துக்குக்
கும்பகர்ணன் என்று பேர்.
அவனடியில் பிறந்துவிட்டு இங்கே விடியவிடிய விழித்திருக்கிறேன்.
எங்களூர் நிலா தாமதமாகத்தான் வரும்,
அவன் தோளைச் சுற்றிக்கொண்டு.
சொல்ல ஆசைதான்.
குரோபெய் ஆறு பாகத்திலும் ஒரு தடவைகூட
நிலாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.
"எங்கள் மலை. பெரிசு" என்றேன்.
"ஹே..." என்று நீட்டினாள்,
நம் அடேயப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை.

மார்ச்சில் ஒரு திங்கள்.
அதே கண்கள், அதே மீன்துண்டு.
சீட்டில் ஒரே எழுத்து:
ஒரு மரம், அதன் கீழே இரண்டு மரம். காடு.
மோரி.
ஆள் மாறிவிட்டதோ என்று நிமிர்ந்தேன்.
"பிறந்த வீட்டுப் பேர்" என்றாள்.
"ரெண்டு பேரும் முத்திரை வச்சாச்சு."
நாலு பெட்டி நகர்ந்தபின்,
"இப்போ வாசிக்கச் சுலபம், இல்லையா?"

இந்த இடத்தில் குரோபெய் வாளை உருவுவான்.
மழையில் நின்று கத்துவான்,
அடுத்த பக்கம் முழுக்கக் கறுப்பு.
சித்திரக்கதையில் நிசப்தத்துக்கும் ஒரு சத்தம் உண்டு.
கட்டத்துக்கு நடுவே "ஷீன்" என்று
பெரிதாக எழுதிவிடுவார்கள்.
அது எங்கள் தலைக்குமேல் தொங்கியது.
பழம். மீன். பழம். மீன்.

"செஷ்ஷா..." என்று தொடங்கிவிட்டேன், பதற்றத்தில்.
அடியேனுக்கு, அடியேனுக்கு,
வினைச்சொல் வரவில்லை.
அவள் முகமூடி உப்பி அடங்கியது.
தோள் குலுங்கியது.
சிரிப்பா, வேறேதுமா,
இரண்டு கண்ணை வைத்து எப்படி வாசிக்க?

இதற்குள் ஒரு பெட்டி பழமில்லாமல் தாண்டிப் போய்விட்டது.
அவள் கை நீட்டி
என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள்.